6,850 ரூபாய் போச்சு: குன்னூர், கோத்தகிரி பக்கம் ஸ்கூட்டர் லைட் ரிப்பேருக்குக் கொடுப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

நேற்று ராத்திரியே எழுத உட்கார்ந்தேன். கோபத்தில் கை நடுங்கியது, ஒரு வரிகூட வரவில்லை. இன்று காலையில் அந்தக் கடைக்காரர் மறுபடியும் என் போனை எடுக்கவில்லை. அதனால் எழுதியே தீருவது என்று உட்கார்ந்திருக்கிறேன். வண்டியில் லைட் கோளாறு வந்தால் நாமே எப்படிப் பார்ப்பது என்பதையும் கடைசியில் எழுதுகிறேன்.

என்னுடையது 2018 மாடல் 110 சிசி ஸ்கூட்டர். தெரிந்தவர் ஒருவரிடம் இரண்டு வருடம் முன்பு செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். வீடு கோத்தகிரி பக்கம், வேலை குன்னூரில் ஒரு மருந்துக் கடையில். ராத்திரி எட்டு மணிக்குக் கடை அடைத்த பிறகு பஸ்ஸை நம்பி நிற்க முடியாது. அதற்காகத்தான் இந்த வண்டியே வாங்கினேன்.

ஐப்பசி மழை பிடித்ததும் கோளாறு தொடங்கியது. பிரேக்கைப் பிடித்தால் ஹெட்லைட் மங்கும். இண்டிகேட்டர் போட்டால் ஒரு முறை மின்னிவிட்டு அப்படியே நிற்கும். ஹார்ன் தொண்டை கட்டியது போலக் கத்தும். காலையில் செல்ஃப் அடித்தால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கிக்கர் அடித்து அடித்து முழங்கால் வலி வந்துவிட்டது.

கூட வேலை பார்க்கும் பெண் சொன்னாள் என்று குன்னூரில் ஒரு ஆட்டோ எலெக்ட்ரிக்கல் கடைக்குக் கொண்டுபோனேன். பெயர் எழுதவில்லை, புகார் கொடுக்கப் போகிறேன். இருசக்கர வண்டிக்கு வயரிங், லைட், பேட்டரி வேலை மட்டும் பார்க்கிற சின்னக் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் நல்லபடியாகத்தான் பேசினார். “உக்காருங்க அக்கா” என்று ஸ்டூல் எடுத்துப் போட்டார், டீ வாங்கி வரச் சொன்னார். வண்டி வாங்கின கதையெல்லாம் கேட்டார். அப்புறம் வோல்ட் அளக்கிற மீட்டரை எடுத்து பேட்டரியில் வைத்தார். 12.4 வோல்ட் என்று காட்டியது. “பாத்தீங்களா அக்கா? இது 14 இருக்கணும். 12.4 தான் வருது. சார்ஜே ஏறல. ரெகுலேட்டர் போச்சு, அது பேட்டரியையும் சாகடிச்சிருச்சு. உள்ள வயரெல்லாம் பொடிப்பொடியா இருக்கும்” என்றார். ரெகுலேட்டர் என்றால் எஞ்ஜினிலிருந்து பேட்டரிக்கு ஏறும் சார்ஜை அளவாக வைக்கிற சாமான். மீட்டரை என் முகத்துக்கு நேராகத் திருப்பிக் காட்டினார்.

நான் ஏமாந்தது அந்த இடத்தில்தான். வாய்ப் பேச்சாக இருந்தால் இரண்டு கேள்வி கேட்டிருப்பேன். எண்ணைக் கண்ணால் பார்த்ததும் கேட்க ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் அப்போது எஞ்ஜின் ஓடவே இல்லை! எஞ்ஜின் நிற்கும்போது ஒரு பேட்டரி 12.4 காட்டினால் அது ஓரளவு நல்ல பேட்டரிதான். எஞ்ஜினை ஓட விட்டு, கொஞ்சம் ரேஸ் கொடுத்துப் பார்க்கும்போதுதான் பதின்மூன்றரைக்கு மேல், பதினாலு பக்கம் வர வேண்டும். அப்போதும் ஏறாமல் இருந்தால்தான் ரெகுலேட்டர், கரண்ட் உண்டாக்குகிற காயில் என்று பேச வேண்டும். இது எனக்கு அன்றைக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும்.

வயரிங் கிட் 2,900, ரெகுலேட்டர் 1,150, பேட்டரி 1,800, கூலி 1,000. மொத்தம் 6,850 ரூபாய். கடைப் பெயரோ ஜிஎஸ்டி எண்ணோ இல்லாத ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். 5,000 ஜிபே, மீதி 1,850 கையில் கொடுத்தேன். என் சம்பளத்தில் 6,850 ரூபாய் என்றால் பையனுக்கு ஒரு டேர்ம் பஸ் பீஸ்.

வியாழக்கிழமை கொடுத்த வண்டி சனிக்கிழமை மதியம் கைக்கு வந்தது. நல்ல வெயில். ஹார்ன் கணீர் என்று அடித்தது, செல்ஃப் ஒரே தட்டில் எடுத்தது. ஹெட்லைட்டும் எரிந்தது. 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் எஞ்ஜின் ஓடினால் ஹெட்லைட் தானாக எரியும், பகலில் அது மங்குகிறதா என்று யாருக்குத் தெரியும்? நன்றி சொல்லிவிட்டு வந்தேன். நன்றி வேறு சொல்லியிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி வண்டிச்சோலை தாண்டி வருகிறேன். முன் டயர் தெரியாத பனிமூட்டம். ஒரு வளைவில் பிரேக்கைப் பிடித்தேன், ஹெட்லைட் முழுதாக அணைந்துவிட்டது. அப்படியே ஓரம் கட்டி நின்று போன் டார்ச்சை அடித்தால், பத்தடி தூரத்தில் ரோட்டிலேயே காட்டெருமை நிற்கிறது. இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அது திரும்பிப் பார்த்தது, நான் டார்ச்சை அணைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பின்னால் கேரட் மூட்டை ஏற்றிக்கொண்டு ஒரு பிக்கப் வந்தது, அந்த வெளிச்சத்தில் அது தேயிலைத் தோட்டத்துக்குள் இறங்கிவிட்டது. அந்த அண்ணன் என்னை முன்னால் ஓட்டச் சொல்லி, கட்டபெட்டு வரைக்கும் பின்னாலேயே மெதுவாக வெளிச்சம் காட்டிக்கொண்டு வந்தார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

மறுநாள் கடைக்குப் போன் செய்தேன். “மழைக்கு அப்படித்தான் அக்கா, ரெண்டு நாள் ஓட்டுங்க, செட் ஆயிரும்.” லைட் அணைந்து உயிர் போகப் பார்த்தது என்கிறேன், செட் ஆயிரும் என்கிறார். நேரில் போனேன். “வேலை பாத்த பையன் ஊருக்குப் போயிருக்கான், திங்கக்கிழமை வாங்க.” திங்கட்கிழமை போனால், “பழைய வண்டி வாங்கினா இதெல்லாம் இருக்கும் அக்கா. எலெக்ட்ரிக்கல் ஐட்டத்துக்கு யாரும் வாரண்டி தரமாட்டாங்க.” சரி, கழற்றின பழைய சாமானையாவது கொடுங்கள் என்றேன். “அதெல்லாம் அன்னைக்கே ஸ்கிராப்ல போட்டாச்சே.” முதல் நாள் ஸ்டூல் போட்டவர், அன்றைக்கு நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, வேறு ஒருவர் வண்டியில் பல்பு மாட்டிக்கொண்டே பேசினார். அதற்குப் பிறகு போன் எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் பார்த்த அடையாளம் மட்டும் விழுகிறது.

நேற்று லீவு போட்டு, கோத்தகிரியில் வயதான மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் எதையும் கழற்றவில்லை. மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸில் வைத்தார், இன்னொரு முனையை வண்டியின் இரும்பு பாடியில் பெயிண்ட் இல்லாத இடத்தில் வைத்தார். “எஞ்ஜின் வேண்டாம், சாவியை மட்டும் போட்டு, பிரேக்கைப் புடிச்சு ஹார்ன அழுத்தும்மா” என்றார். மீட்டர் 2 வோல்ட்டைத் தாண்டியது. “இங்க கிட்டத்தட்ட சைபர்தான் இருக்கணும். எர்த் சரியில்ல” என்றார். அவ்வளவு நேரம்தான், ஐந்து நிமிடம் கூட இல்லை.

மூடியைக் கழற்றிப் பார்த்தால், எர்த் வயரைப் பாடியோடு சேர்க்கிற போல்ட் துரு ஏறிக் கிடந்தது. வயர் முனை பச்சையாகப் பூத்திருந்தது. எல்லா லைட்டும், ஹார்னும், செல்ஃப் மோட்டாரும் கரண்டைத் திருப்பி அனுப்புவது அந்த வழியாகத்தான். அது அடைத்துக்கொண்டால் ஒன்றை இயக்கும்போது இன்னொன்று மங்கும். மாதக்கணக்கில் பனியும் ஈரமும் இருக்கிற நம் ஊரில் அடிக்கடி பார்ப்பதுதான் என்றார். உப்புத்தாளால் தேய்த்தார், வயர் முனையை வெட்டிப் புதிதாகப் போட்டார், வேஸலின் தடவி இறுக்கினார். 150 ரூபாய்.

அதற்கு அப்புறம்தான் மற்றதெல்லாம் வெளியே வந்தது. 2,900 ரூபாய் வயரிங் கிட் மாற்றவே இல்லை, பழைய வயர் மேல் புது கறுப்பு டேப் சுற்றியிருக்கிறது. டேப் சுற்றும்போது வயர் அசைந்து எர்த் கொஞ்சம் பிடித்திருக்கும், அதனால்தான் சில நாள் ஓடியது என்றார். ரெகுலேட்டர் போல்ட்டில் பழைய சேறு உடையாமல் அப்படியே இருக்கிறது, ஸ்பேனரே பட்டதில்லை. ரேஸ் கொடுத்துப் பார்த்தால் 14.1 காட்டுகிறது, அதே பழைய ரெகுலேட்டர்! பேட்டரியை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். நான் 14 மாதம் முன்பு வாங்கிய என் பேட்டரியின் வாரண்டி கார்டு வீட்டில் இருக்கிறது. அந்த எண் இதில் இல்லை. இதில் தயாரித்த தேதியைச் சுரண்டியிருக்கிறார்கள். ஒரு ராத்திரி நின்றால் காலையில் செல்ஃப் எடுக்காத பேட்டரி. அதாவது 6,850 ரூபாயும் வாங்கிக்கொண்டு, என் நல்ல பேட்டரியையும் எடுத்துக்கொண்டார்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்திருக்கிறேன். அடுத்தது உதகையில் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரைக்கும் மனுவுக்குக் கட்டணம் இல்லை. ஜிபே ரசீது இருக்கிறது, மீதி 1,850க்கு அந்தத் துண்டுச் சீட்டுதான்.

நாமே பார்க்கிற முறை என்று சொன்னேன். ஷிப்ட்டுக்கு நேரமாகிறது, வேகமாகச் சொல்கிறேன். மீட்டர் காட்டினால் எஞ்ஜின் ஓடுகிறதா என்று பாருங்கள். லைட் மங்கினால் முதலில் பியூஸ், பேட்டரி முனை, எர்த், அப்புறம்தான் மற்றது. சில வண்டிகளில் ஹெட்லைட் பேட்டரியில் இல்லாமல் எஞ்ஜின் சுற்றும்போது கரண்ட் உண்டாக்குகிற மேக்னெட்டோவில் நேராக எரியும், ஐடிலில் மங்கி ரேஸில் கூடும், அது கோளாறே இல்லை, அதற்குக் காசு கொடுக்காதீர்கள். வண்டியை விடும் முன் பேட்டரி எண்ணைப் போட்டோ எடுங்கள். பழைய சாமானைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். இருட்டின பிறகு போய், பிரேக் பிடித்து ஓட்டிப் பார்த்து வாங்குங்கள்.

கடைப் பெயர் கேட்டு இங்கே எழுத வேண்டாம், புகார் எண் வந்ததும் நானே சொல்கிறேன். புது பேட்டரி வாங்கும் வரை ராத்திரி பஸ்தான்.