எண்ணிட்ட ஓவிய அஞ்சலட்டைத் தொகுப்பு: ஒரு மதிப்புரை

எனக்கு மிகவும் பிடித்த ஓவியர் ஒருவர் நீர்ப்பறவைகளை வரைந்து, இருநூறு படிகள் மட்டுமே அச்சிட்டு வெளியிட்டிருக்கும் பன்னிரண்டு அஞ்சலட்டைகள் கொண்ட தொகுப்பை, அவருடைய மூல ஓவியத்தை வாங்க இயலாத ரசிகர்கள் தயங்காமல் வாங்கலாம். பெரிய ஓவியங்களைச் சுருக்கி அட்டையில் அடைக்கும்போது கோடுகள் நெருங்கிக் குழம்பிவிடுவதே வழக்கம். இவரோ 105 x 148 மி.மீ. என்ற அட்டையின் அளவை மனத்தில் கொண்டே வரைந்திருப்பதால், எந்தப் படமும் நெரிசலாகத் தெரியவில்லை.

அச்சு, ஸ்டென்சில் வழியே மையைத் தாளில் பதிக்கும் ரிசோகிராஃப் இயந்திர முறையில் செய்யப்பட்டிருக்கிறது. இம்முறையில் ஒவ்வொரு நிறமும் தனித்தனியாகத் தாளில் இறங்குவதால், மீன்கொத்தி அட்டையில் நீலத்தின்மேல் மஞ்சள் படிந்த இடத்தில் மட்டும் பச்சை பிறக்கிறது. இறகின் ஓரத்தில் அந்த இரண்டு நிறங்களும் மயிரிழை விலகி நிற்பது, பறவை சற்றே சிலிர்த்துக்கொண்டதைப் போன்ற உயிர்ப்பைத் தருகிறது. அந்த விலகல் ஒவ்வொரு படியிலும் சிறிது மாறும் என்பதால், என்னிடம் இருக்கும் மீன்கொத்தி அட்டையைப் போலவே இன்னொன்று வேறொருவரிடம் இருக்காது என்ற மகிழ்ச்சியும் சேர்ந்துகொள்கிறது. 350 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 350 கிராம்) எடையுள்ள பூச்சற்ற தாள் மையை நன்றாக உறிஞ்சியிருக்கிறது.

குறை பின்பக்கத்தில்தான் இருக்கிறது. இருநூறில் இது எத்தனையாவது தொகுப்பு என்ற எண்ணை ஓவியரே பென்சிலால் எழுதியிருப்பது பாராட்டுக்குரியது. ஆனால் அட்டையின் வரிசை எண்ணோ, ஓவியத்தின் பெயரோ, ஆண்டோ எங்கும் இல்லை. வியன்னாவின் வீனர் வெர்க்ஸ்டேட்டே என்ற கலை, கைவினைக் கூடம் 1907 முதல் வெளியிட்ட, ஏறத்தாழ ஆயிரத்தை எட்டிய அஞ்சலட்டைகளில் வரிசை எண் இருந்ததால்தான், ஓவியர்கள் கோகோஷ்காவும் ஷீலேயும் வரைந்த அட்டைகளில் எது தம்மிடம் இல்லை என்பதைச் சேகரிப்பாளர்கள் இன்றும் கண்டறிய முடிகிறது. தொகுப்பிலிருந்து ஓர் அட்டை பிரிந்து வேறொருவர் கைக்குப் போய்விட்டால், அது எதைச் சேர்ந்தது என்று சொல்ல இங்கே வழியில்லை.

விற்பனையாளர் அனைத்து அட்டைகளையும் ஒரே பி.வி.சி. பிளாஸ்டிக் உறையில் திணித்து அனுப்பியதும் சரியல்ல. ரிசோகிராஃப் மை பூச்சற்ற தாளில் முழுமையாக உலர்வதில்லை என்பதால், கொக்கு அட்டையின் கறுப்பு அடுத்த அட்டையின் பின்பக்கத்தில் மங்கலாக ஒட்டியிருந்தது. நாளடைவில் பி.வி.சி.யிலிருந்து கசியும் வேதிப்பொருள்களும் அச்சைக் கெடுக்கும். வாங்குவோர் அட்டைகளை உடனே பிரித்து, அமிலமற்ற தாளை இடையில் வைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனி பாலிப்ராப்பிலீன் (வேறொரு வகை பிளாஸ்டிக்) உறையில் இட்டு, வெயில் படாத இடத்தில் வைப்பது நல்லது. சட்டமிட்டுச் சுவரில் மாட்ட விரும்புவோர் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியைக் கேட்டு வாங்க வேண்டும். இந்த மைகளில் பல வெளிச்சத்தில் விரைவாக மங்கக்கூடியவை.