அமிகா 1200: மூடிப்போன நிறுவனத்தின் நல்ல கணினி

ஒரு மாதமாக என் மேசையில் அமிகா 1200 இருக்கிறது. கொமடோர் நிறுவனம் 1992 அக்டோபரில் வெளியிட்ட மாடல். கைக்கு வந்தபோது உறை மஞ்சளித்திருந்தது. விசைகளில் ஒன்றுகூடக் குறையவில்லை. மின்சாரம் கொடுத்ததும் ஃபிளாப்பி டிரைவ் 'டக்' என்றது. வட்டு போடாமல் விட்டால் சில விநாடிக்கு ஒருமுறை அந்த 'டக்' கேட்டுக்கொண்டே இருக்கும். வட்டு வந்துவிட்டதா என்று பார்க்கிற ஓசை அது. பலருக்கு எரிச்சல் வரலாம். எனக்குப் பிடித்திருக்கிறது.

இதை வெறும் ஆசைக்காக நான் வாங்கவில்லை. கணினி தயாரித்த ஒரு நிறுவனத்தின் மதர்போர்டு சோதனைப் பிரிவில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தேன். அந்த நிறுவனம் இன்று இல்லை. "சரக்கு சரியில்லை, அதனால்தான் மூடினார்கள்" என்று உறவினர்கள் சொன்னபோதெல்லாம் வாயடைத்து நின்றிருக்கிறேன். அமிகாவை உருவாக்கியவர்களும் இந்தப் பேச்சைக் கேட்டிருப்பார்கள். அவர்களுடைய சரக்கு எப்படித்தான் இருந்தது என்று என் கையாலேயே திறந்து பார்க்க வேண்டும் போலிருந்தது.

சரக்கு அருமை. 14 மெகாஹெர்ட்ஸ் மோட்டரோலா 68020 வகைச் செயலி, 2 மெகாபைட் நினைவகம். இன்றைய கணக்கில் ஒன்றுமே இல்லை. ஆனால் ஒரு வேலையை ஓடவிட்டு, திரையின் மேல்பட்டையை மவுசால் பிடித்துக் கீழே இழுத்துப் பாருங்கள். திரை அப்படியே இறங்கும். பின்னால் இன்னொரு திரை, வேறு நிறங்களோடு, வேறு அளவில், தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். இழுக்கும் விரலுக்கு ஒரு தடங்கலும் தெரியாது. 1 கோடியே 67 லட்சம் நிறங்களிலிருந்து 256 நிறங்களை எடுத்து ஒரே நேரத்தில் காட்டும். முதல் நாள் இரவு ஒரு மணி வரை திரையை ஏற்றி இறக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். அந்த 2 மெகாபைட்டைச் செயலியும் படம், ஒலி சிப்களும் பங்குபோட்டுக்கொள்கின்றன. செயலி அடிக்கடி தன் முறைக்காகக் காத்து நிற்கிறது. அடிப்பக்க மூடியைத் திறந்து கூடுதல் நினைவக அட்டை ஒன்றைச் செருகினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். வாங்குகிறவர்கள் அதையும் சேர்த்தே வாங்குங்கள். இன்றைய மானிட்டரில் நேரடியாக இணைத்தால் பெரும்பாலும் படம் வராது, மாற்றுக் கருவி தேவை. ஒலி சிப்பான பாலா, 1985இல் வந்த முதல் அமிகாவில் இருந்ததேதான்: அதே நான்கு தடம், அதே 8 பிட். ஏழு ஆண்டுகள் கழித்தும் அதை மாற்றவில்லை.

அங்கேதான் எனக்கு மனம் கனத்தது. முதல் அமிகா வந்தபோது வீட்டுக் கணினிகளில் அதற்கு ஈடு கிடையாது. அதன் மேல்மூடியின் உட்புறத்தில் அதைச் செய்தவர்களின் கையெழுத்துகள் பதிந்திருக்கும். வடிவமைப்புக்குத் தலைமை தாங்கிய ஜே மைனரின் நாய் மிட்சியின் பாதத்தடமும் இருக்கும். அப்படிப் பெருமையோடு தொடங்கிய வேலை. அடுத்த தலைமுறை சிப்களுக்கான வடிவமைப்பை 1988இலேயே ஆரம்பித்தார்கள், அது முடியவே இல்லை. 1200இல் இருப்பது இடைக்கால ஏற்பாடு. சொந்தமாகச் சிப் ஆலை வைத்திருந்த நிறுவனம், இதில் திரைக்குப் படம் அனுப்பும் லிசா சிப்பை வெளியே ஹியூலட் பக்கார்டிடம் கொடுத்துச் செய்துவாங்க வேண்டியிருந்தது. அதே 1992இல், எண் விசைகள்கூட இல்லாத அமிகா 600ஐப் பழைய தொழில்நுட்பத்தோடு இறக்கினார்கள். 1993இல் வந்த சிடி32 என்ற விளையாட்டுக் கருவி, காப்புரிமை வழக்கு ஒன்றால் அமெரிக்கச் சந்தைக்கே போக முடியவில்லை. 1994 ஏப்ரல் 29 அன்று கொமடோரின் கதை முடிந்தது. பின்னால் சொத்துகளை வாங்கிய ஜெர்மனியின் எஸ்காம், 1995இல் இதே 1200ஐ மறுபடி விற்றது. 1996இல் அதுவும் திவாலானது.

இதில் எந்த முடிவும் சால்டரிங் மேசையில் எடுத்ததல்ல.

எங்கள் இடத்திலும் புதிய மதர்போர்டு சோதனை முடிந்து தயாராகத்தான் இருந்தது. உதிரிப்பாகம் கொடுத்தவர்களுக்குப் பணம் போகவில்லை, அதனால் பாகங்கள் வரவில்லை. கடைசி மாதங்களில் கழித்துவைத்த போர்டுகளிலிருந்து நல்ல மின்தேக்கிகளைக் கழற்றிச் சோதித்துப் போட்டோம். சம்பளம் இரண்டு மாதம் பாக்கி. நான் ஒருநாள் சலித்துப்போய், "இனிமேல் இவ்வளவு பார்க்க வேண்டுமா அண்ணா?" என்று கேட்டுவிட்டேன். பிரிவில் மூத்தவர் தலையை நிமிர்த்தாமலேயே சொன்னார்: "போகிற பெட்டி பத்தே பத்தாக இருந்தாலும் பார்த்து அனுப்பு தம்பி. வாங்குகிறவருக்கு அது ஒன்றுதான்."

அந்தப் பழக்கத்தில்தான் இந்த 1200ஐயும் திறந்தேன். இடது பக்க ஒலி மந்தமாகக் கேட்டதால் காரணம் முன்பே தெரியும்: இந்த மாடலின் மின்தேக்கிகள் கசியும். ஒலி வெளியேறும் இடத்துக்குப் பக்கத்தில் ஈயம் பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்திருந்தது. ஒரு கால் பச்சையாக அரித்திருந்தது. சூட்டுக்கோலை வைத்ததும் அழுகிய மீன் வாடை அடித்தது. எல்லாவற்றையும் கழற்றி, ஆல்கஹால் தொட்டு பிரஷ்ஷால் தேய்த்து, புதியவை போட்டேன். மூன்று மணி நேர வேலை. இப்போது இரு பக்கமும் கணீரென்று கேட்கிறது. உலோகக் கவசத்தைத் திரும்பப் போடும்போதுதான் போர்டின் ஓரத்தில் நகத்தளவு ஒட்டுத்தாள் ஒன்றைக் கவனித்தேன். நீல மையில் இரண்டு எழுத்துகள், சோதித்தவர் போட்ட சுருக்கொப்பம். நாங்களும் அப்படித்தான் போடுவோம், பச்சை மையில். ஆல்கஹால் பட்டால் அழிந்துவிடும் என்பதால் அந்த மூலையை மட்டும் உலர்ந்த துணியால் துடைத்தேன்.

வாங்க நினைக்கிறவர்களுக்கு: பயமில்லாமல் வாங்குங்கள், ஆனால் மின்தேக்கிகளை மாற்றியாகிவிட்டதா என்று முதலில் கேளுங்கள். மாற்றவில்லை என்றால் அதை முடித்த பிறகே நெடுநேரம் ஓடவிடுங்கள். அரிப்பு செம்புத் தடம்வரை இறங்கிவிட்டால் பழுதுபார்ப்பது மிகவும் கடினம். திறக்கும்போது போர்டின் ஓரத்தில் ஒட்டுத்தாள் ஏதாவது இருந்தால் அதைக் கிழித்துவிடாதீர்கள்.