மேட்டுப்பாளையம் – உதகை மலை ரயில்: உறவினரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு எப்படி?

நீலகிரி மலை ரயிலைப் பற்றிய மதிப்புரைகள் பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளின் பார்வையிலேயே எழுதப்படுகின்றன. என் சித்தியும் சித்தப்பாவும் குன்னூரில் வசிக்கிறார்கள். சித்தப்பா அரவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சனி, ஞாயிறு விடுமுறையில் அவர்களைப் பார்க்க நானும் கணவரும் இந்த ரயிலில்தான் போனோம் என்பதால், ஊர் போய்ச் சேர்வதற்கான ஒரு சேவையாக இது எப்படி இருக்கிறது என்பதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் நேரக் கணக்கைப் பார்த்துவிடலாம். காலை 7.10 மணிக்கு மேட்டுப்பாளையத்தில் புறப்படும் ரயில் பத்தரை மணி வாக்கில் குன்னூரையும், நண்பகலில் உதகையையும் அடைகிறது. சென்னையிலிருந்து இரவில் கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ் இதற்கு இணைப்பாக விடியற்காலையில் வந்துவிடுகிறது. 46 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் என்பது, பேருந்தோடு ஒப்பிட்டால் நிச்சயமாக மிக அதிகம். குன்னூரில் உறவினர் இருப்பவர்களுக்கு இது பெரிய இழப்பில்லை. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வீட்டுக்குப் போய், அடுக்களையில் நின்று பேசவும் நேரம் கிடைக்கிறது. உதகையில் உறவினர் இருந்தால் சனிக்கிழமைக் காலை முழுவதையும் ரயிலுக்கே கொடுக்க வேண்டியிருக்கும் என்பதை யோசித்துக்கொள்வது நல்லது.

அந்த நேரத்துக்கு ஈடாகக் கிடைப்பது என்ன என்பதைக் கல்லாற்றில் தெரிந்துகொள்ளலாம். அதுவரை பாக்குத் தோப்புகளின் ஓரமாக எளிதாக ஓடிவந்த ரயில் அங்கே வேகத்தைக் குறைத்து, பற்சக்கரப் பாதைக்குள் மெல்ல நுழைகிறது. தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் வெட்டிய இரண்டு இரும்புப் பட்டைகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றில் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம் வரும்படி அவை அமைந்திருப்பதால், எஞ்சினின் பற்சக்கரம் எந்தக் கணத்திலும் பிடி இழப்பதில்லை. குன்னூர் வரை, 12 அடிக்கு 1 அடி என்ற அளவுக்குச் செங்குத்தாகும் ஏற்றத்தை ரயில் இந்தப் பிடியை நம்பித்தான் ஏறுகிறது. இந்தியாவில் பற்சக்கரப் பாதையில் ஓடும் ரயில் இது ஒன்றே. எஞ்சின் முன்னால் நின்று இழுப்பதில்லை, பின்னால் நின்று தள்ளுகிறது. ஓட்டுநருக்கு முன்பாதை தெரியாது என்பதால், முதல் பெட்டியின் முகப்பில் நிற்கும் பிரேக்மேன் கொடியசைத்துச் சைகை காட்டுகிறார்; மற்ற பெட்டிகளிலும் அவரைப் போல ஒருவர் கைப்பிடிச் சக்கரத்தின் அருகில் நின்றபடியே வருகிறார். குகைக்குள் நுழையும்போது குழந்தைகள் போடும் கூச்சல் அடங்கியதும், பற்கள் இரும்பைக் கவ்வும் ஓசை மட்டும் தரையிலிருந்து பாதங்களுக்கு ஏறி வருவதை உணர முடிந்தது. குன்னூர் வரையிலான பாதை 1899இலும், உதகை வரையிலான நீட்டிப்பு 1908இலும் திறக்கப்பட்டன. அந்தப் பழைய பொறியமைப்பு இன்றும் அன்றாடம் உழைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தபோது, 2005இல் யுனெஸ்கோ தந்த உலகப் பாரம்பரியத் தகுதி முழுக்கப் பொருத்தமானதே என்று தோன்றியது.

எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க ஹில்குரோவில் நிற்கும்போது எல்லோரும் இறங்கிக் கால் நீட்டிக்கொள்ளலாம். பெட்டிகளில் கழிப்பறை இல்லை என்பதால் இந்த நிறுத்தம் முக்கியமானது. அங்கே குரங்குகள் அதிகம். உறவினருக்கென்று வாங்கிய பழமும் இனிப்பும் பையின் அடியில் இருக்கட்டும். இருக்கைகள் எதிரெதிராக, முழங்கால் இடிக்கும் அளவுக்கு நெருக்கமாக இருக்கின்றன. பெரிய பெட்டிகளை வைக்க இடமும் இல்லை. மூட்டு வலி உள்ள பெரியவர்களை அடிவாரத்திலிருந்து இதில் அழைத்துச் செல்ல நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆனால் குன்னூருக்கு மேலே உள்ள பாதை வேறு மாதிரியானது. அங்கே நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினை மாட்டுகிறார்கள். பற்சக்கரம் தேவையில்லாத அந்தப் பாதையில், குன்னூருக்கும் உதகைக்கும் இடையே மட்டும் ஓடும் ரயில்களும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் சித்தியையும் சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு அவற்றில் ஒன்றில் உதகைக்குப் போய் வந்தோம். இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். வெலிங்டன் தாண்டியதும் சித்தப்பா ஜன்னல் பக்கம் நகர்ந்துகொண்டு, "மாப்பிள்ளை, இந்தப் பக்கம் பாருங்க, நாங்க குடியிருந்த குவார்ட்டர்ஸ் அந்த மரங்களுக்குப் பின்னாடிதான்" என்று என் கணவருக்குக் காட்டத் தொடங்கியவர், கேத்திப் பள்ளத்தாக்கின் காய்கறித் தோட்டங்கள் தெரியும் வரை நிறுத்தவே இல்லை. வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கேட்டிருந்தால் அந்தப் பேச்சு இவ்வளவு தூரம் வந்திருக்காது. கீழ்ப்பாதையில் மலையைப் பார்க்கவே கண் போதவில்லை. மேல்பாதையில் ஓசையும் குறைவு, நேரமும் ஒரு மணியைச் சற்றே தாண்டுவதுதான் என்பதால், வயதானவர்களோடு பேசிக்கொண்டு போவதற்கு அதைவிட நல்ல இடம் நீலகிரியில் இருக்குமா என்பது ஐயமே.

இறங்குவதற்கும் இதே ரயிலை எடுக்க வேண்டுமா என்று கேட்டால், ஒரு வழிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் ஏறும் வழியையே தேர்ந்தெடுங்கள் என்பேன். இறங்கும்போது எஞ்சின் முன்னால் வருவதால் முன்காட்சி மறைந்துவிடுகிறது, புகையும் பெட்டிகளின் பக்கம் வருகிறது. அதோடு பிற்பகல் 2 மணிக்கு உதகையில் கிளம்பும் அந்த ரயிலைப் பிடிக்க, ஞாயிற்றுக்கிழமை விருந்தைப் பாதியில் விட்டு எழ வேண்டியிருக்கும். நாங்கள் மாலை வரை வீட்டில் இருந்துவிட்டு அரசுப் பேருந்தில் இறங்கினோம்.

முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பே தொடங்குகிறது. இடங்கள் குறைவு என்பதால், வார இறுதிக்கு வேண்டுமென்றால் முதல் நாளிலேயே ஐஆர்சிடிசி தளத்தில் முயல வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் கூட்டம் மிக அதிகம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், குறிப்பாக அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மண்சரிவு காரணமாகக் கீழ்ப்பாதையில் ரயில் ரத்தாவது அவ்வப்போது நடக்கிறது. ஆகவே கிளம்புவதற்கு முந்தைய நாள் விசாரித்துவிட்டு, பேருந்தில் போகும் வழியையும் யோசித்து வைத்திருங்கள். சொந்தக் காரில் போகிற வெளி மாவட்டத்தாருக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் கட்டாயமாக இருக்கிறது. ரயிலிலும் பேருந்திலும் போகிறவர்களுக்கு அது தேவையில்லை.