பாங்காக்கில் முதல் மூன்று இரவு: காவோசானா, சைனாடவுனா, சீலோமா, சுகும்விட்டா?

பாங்காக்குக்கு முதல்முறை பை தூக்கிப் போகிறவர்கள் ஹாஸ்டல் தேடும்போது செயலியில் ‘விலை குறைவு’ என்று வரிசைப்படுத்திவிட்டு மேலே வருவதைப் பிடித்துக்கொள்கிறார்கள். டார்ம் கட்டில், அதாவது பலர் சேர்ந்து தங்கும் அறையில் ஒரு படுக்கை, எந்தப் பகுதியிலும் மலிவாகக் கிடைக்கிற ஊர் இது. நூறு பாட் (தாய்லாந்து நாணயம்) மிச்சம் பிடித்து, அதை ஒரே டாக்ஸி நெரிசலில் கொடுத்துவிட்டு வரலாம். கட்டில் விலையை விட, விமான நிலையத்திலிருந்து அங்கே எப்படிப் போவது, படகு ஓடும் சாவ் ப்ரயா ஆறு எவ்வளவு பக்கம், காலையில் இறங்கினால் என்ன செய்வது என்பவைதான் முக்கியம்.

கடைசிக் கேள்வி நம் ஊர்க்காரர்களுக்குக் கூடுதலாகப் பொருந்தும். சென்னையிலிருந்து நள்ளிரவு வாக்கில் கிளம்பும் விமானம் மூன்றரை மணி நேரத்தில் அங்கே போய்விடும். கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளிவைத்தால் விடிகாலை. ஹாஸ்டல்களில் கட்டில் தருவது பெரும்பாலும் மதியம் இரண்டு மணிக்கு. பையை வரவேற்பில் போட்டுவிட்டு, தூங்காத கண்ணோடு ஏழெட்டு மணி நேரம் அந்தப் பகுதியில்தான் திரிய வேண்டும்.

காவோசான் சாலையை எடுத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் அரிசிக் கடைகள் இருந்த, அரை கிலோமீட்டர்கூட இல்லாத தெரு. 1980களில் இங்கே விருந்தினர் விடுதிகள் முளைத்து, உலகத்துப் பேக்பேக்கர்கள் எல்லாம் வந்து குவியும் இடமாயிற்று. இன்றைக்கு இரவில் அங்கே போனால் எதிரெதிர் மதுக்கடைகளின் ஒலிபெருக்கிகள் ஒன்றையொன்று அமுக்கப் பார்க்கும். ஒரு இரவு வேடிக்கை பார்க்கலாம். அங்கேயே படுத்துத் தூங்கவும் வேண்டும் என்றால் கொஞ்சம் யோசிக்கணும். ஒட்டியிருக்கிற ராம்புத்ரி தெரு எவ்வளவோ தேவலை: மரநிழல், சத்தம் பாதி, விலை கிட்டத்தட்ட அதே.

காவோசானின் உண்மையான பலம் அந்தத் தெருவில் இல்லை, அது இருக்கும் பழைய நகரத்தில் இருக்கிறது. அரச அரண்மனைக்கு (கிராண்ட் பேலஸ்) நடந்தே போகலாம். ஃப்ரா ஆதித் படகுத்துறை பக்கத்திலேயே. ஆரஞ்சுக் கொடிப் படகில் சுமார் 16 பாட் கொடுத்து ஆற்றின் நீளத்துக்கும் போகலாம். எதிர்ப்பக்கம் கால்மணி நேரம் நடந்தால் பான்ஃபா துறை, அங்கிருந்து சேன்சேப் கால்வாய்ப் படகு கடைவீதிகள் நிறைந்த நடுநகரத்துக்கு விரையும். அப்புறம், வழிகாட்டி நூல்கள் ஒரு வரியில் தாண்டிவிடுகிற தேவஸ்தானம். பெரிய ஊஞ்சல் தூண்களுக்கு அருகே 1784இல் எழுந்த பிராமணக் கோயில் இது. அங்குள்ள சடங்கில் நம் திருவெம்பாவை இன்றும் ஓதப்படுகிறது, தாய் நாக்கில் உருமாறிப்போன ஒலியில். அந்தத் தூண்களில் கட்டி ஆடிய சடங்கு ஊஞ்சலாட்டம் மட்டும் 1935இல் நின்றுவிட்டது.

பெரிய குறை: மெட்ரோ இல்லை. கிட்டத்து நிலையமான சாம் யோட் கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் தள்ளி. ஊதா வழித்தடத்தின் நீட்டிப்புப் பணி அந்தப் பகுதி வழியாக நடக்கிறது. அது முடியும்வரை பேருந்தையும் படகையும் நம்பித்தான் ஆகணும். இன்னொன்று, விடியற்காலையில் காவோசான் பார்க்கச் சகிக்காது. முந்தைய இரவின் குப்பையைக் கூட்டிக்கொண்டிருப்பார்கள். காபிக்கடை திறக்க நேரமாகும். அந்நேரத்துக்கு ஆற்றோரம் ஃப்ரா சுமேன் கோட்டைப் பூங்காவில் போய் உட்காரலாம்.

சுகும்விட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்கைட்ரெய்ன் தலைக்கு மேல் ஓடும், மால்கள் உண்டு, அறைகள் நன்றாக இருக்கும். நானா பக்கம் அரபு உணவகங்கள், இரவு விடுதிகள். பழைய நகரம் வெகு தொலைவு. இரண்டாவது முறை வருகிறவர்களுக்கான இடம் என்பது என் கணக்கு.

சீலோம் அப்படியில்லை. காலை இறங்குகிற பிரச்சினைக்கு இங்கேதான் அழகான விடை இருக்கிறது: லும்பினி பூங்கா விடிவதற்கு முன்பே திறந்துவிடும். ஏரிக்கரையில் ஆளுயர உடும்புகள், அவற்றைக் கண்டுகொள்ளாமல் ஓட்டப்பயிற்சி செய்கிற பாங்காக்வாசிகள். ஸ்கைட்ரெய்னும் மெட்ரோவும் சந்திக்கிற இடம் என்பதால் எங்கும் போகலாம். சாதோர்ன் படகுத்துறையும் ஸ்கைட்ரெய்னில் சில நிறுத்தங்கள்தான். சீலோம் சாலையில் தமிழர்கள் 1879இல் கட்டிய மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது. தாய்லாந்துக்காரர்களே வரிசையில் நின்று சாமந்தி மாலை சாத்துவார்கள். நவராத்திரி ஊர்வலத்துக்குச் சாலையே அடைபடும். சுற்றுவட்டத்தில் இந்திய உணவகங்கள் உண்டு. அம்மா அப்பாவை அழைத்துப் போனாலும், சுத்த சைவமாக இருந்தாலும் நான் சீலோமைத்தான் சொல்வேன். இருபது வயதில் தனியாகப் போகிறவருக்கு இந்த அலுவலகத் தெருக்கள் கொஞ்சம் சலிக்கும்.

என் ஓட்டு சைனாடவுனுக்கு, அதாவது யாவோராட்டுக்கு. 2019க்கு முன் கேட்டிருந்தால் இதைச் சொல்லியிருக்க மாட்டேன். அந்த ஆண்டு நீல மெட்ரோ நீட்டிக்கப்பட்டு வாட் மங்கோன் நிலையம் வந்தது. அதற்கு முன்வரை இங்கே வந்துசேர்வதே பாடு. இப்போது சுவர்ணபூமி விமான நிலையத்தில் இறங்கினால் விமான நிலைய ரயிலில் மக்கசான், அங்கிருந்து நடைபாலம் வழியாகப் பெட்சபுரி மெட்ரோ, பிறகு நேராக வாட் மங்கோன். இன்னொரு விமான நிலையமான டான் முவாங்கில் இறங்கினால் சிவப்பு ரயிலில் வந்து பாங் சூவில் நீல மெட்ரோ. டாக்ஸி பேரம் என்ற பேச்சே இல்லை. மெட்ரோ வாயிலில் வங்கி அட்டையைத் தட்டியே உள்ளே போகலாம். வாட் மங்கோனிலிருந்து இரண்டாவது நிறுத்தம் சனாம் சாய். ஏறி வெளியே வந்தால் சாய்ந்த புத்தரின் வாட் போ கோயில் நடைதூரம், அதைத் தாண்டினால் தா தியென் துறையில் எதிர்க்கரை வாட் அருண் கோயிலுக்குப் படகு.

காலை ஆறு மணிக்கும் இந்தப் பகுதி விழித்திருக்கும். சந்துகளில் கஞ்சிக்கடை ஆவி பறக்கும், 1871இல் தொடங்கிய வாட் மங்கோன் கோயிலில் ஊதுபத்திப் புகை. வாட் திரைமித்தில் ஐந்தரை டன் தங்கப் புத்தர்: காரைப் பூச்சுக்குள் இருப்பது தங்கம் என்று யாருக்கும் தெரியாமலேயே கிடந்து, 1955இல் இடம் மாற்றும்போது பூச்சு உடைந்து தெரியவந்தது. தலாத் நோய் சந்துகளில் பழைய கார் எஞ்சின்களை ஆளுயரத்துக்கு அடுக்கி வைத்திருப்பார்கள், நடுவில் பூனை தூங்கும்.

தெருக்கடைச் சாப்பாடு களைகட்டுவது மாலை ஆறு மணிக்கு மேல்தான். மிளகுக் காரத்தோடு சுருள் நூடுல்ஸ் சூப், சிப்பி ஆம்லெட், கரியடுப்பில் சுட்ட பன். திங்கட்கிழமை பல தெருக்கடைகள் இருக்காது, அதைப் பார்த்துத் திட்டமிடணும். சைவர்கள் மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்துள்ள கடைகளைத் தேடுங்கள். அந்த எழுத்து பார்க்க 17 மாதிரி இருக்கும், அங்கே மீன்சாறுகூடச் சேர்க்க மாட்டார்கள். மற்ற கடைகளில் ‘காய்கறி மட்டும்’ என்று சொன்னாலும் மீன்சாறு உள்ளே போய்விடும். அதுவும் ஒத்துவராவிட்டால் அடுத்த நிறுத்தம் சாம் யோட் அருகே பாஹுராட், சீக்கியர்களின் துணிக்கடைத் தெரு. ரொட்டியும் பருப்பும் கிடைக்கும்.

குறைகளும் உண்டு. நடைபாதை என்பது பெயருக்குத்தான், கடைக்காரர் விட்ட இடத்தில் நடக்கணும். பழைய கடைவீடுகளை ஹாஸ்டலாக மாற்றியிருப்பதால் படிக்கட்டு செங்குத்து, சில அறைகளில் ஜன்னலே கிடையாது. முன்பதிவுக்கு முன் அதைக் கேட்டுவிடுங்கள்.

எங்கே தங்கினாலும் அரண்மனைக்கு காலையிலேயே போய்விடுங்கள். கட்டணம் 500 பாட், முழங்கால் மூடிய உடை கட்டாயம். வாசலுக்கு வெளியே ‘இன்று மூடியிருக்கிறது, வேறு கோயில் காட்டுகிறேன்’ என்று டுக்-டுக்காரர் சொன்னால் நகைக்கடையில் கொண்டுபோய் விடப்போகிறார் என்று பொருள். நேராக வாயில்வரை நடந்து பாருங்கள்.

மூன்றாம் நாள் தெற்கே தீவுகளுக்குக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு திருத்தம். பேருந்தும் படகும் சேர்ந்த டிக்கெட் எடுத்தால் பெரும்பாலும் காவோசான் பக்கமிருந்துதான் வண்டி புறப்படும். அப்போது கடைசி இரவை அங்கே மாற்றிக்கொள்ளலாம். ரயில் என்றால் மாற வேண்டாம். தொலைதூர ரயில்கள் 2023 ஜனவரியிலிருந்து பழைய நிலையமான ஹுவா லம்போங்கில் இல்லை, பாங் சூவில் இருக்கும் குருங்தேப் அபிவாட் நிலையத்துக்குப் போய்விட்டன. அதற்கும் வாட் மங்கோனிலிருந்து அதே நீல மெட்ரோதான்.