240 யூரோ போச்சு: ரெசின் போர்வீரர் கிட் வாங்குகிறவர்கள் படித்துவிட்டு வாங்குங்கள்

கோபம் இன்னும் ஆறவில்லை, எழுத்து அங்கங்கே தாறுமாறாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்று மினியேச்சர் கிட்டுக்கு, அதாவது துண்டுகளை ஒட்டி பெயின்ட் அடிக்கிற ரெசின் (வார்ப்புப் பிளாஸ்டிக்) வீரர் பொம்மைகளுக்கு, 240 யூரோ கொடுத்தேன். வந்து சேர்ந்தது ஜிப் கவரில் அடைத்த, மழுங்கிப்போன ரெசின் துண்டுகள்.

தளத்தின் பெயரைப் போடப் போவதில்லை. உற்பத்தி நின்றுபோன பழைய கிட்களைத் தனி ஆட்கள் விற்கும் ஓர் இணையச் சந்தை, அவ்வளவுதான். அங்கே வாட்டர்லூ (நெப்போலியன் தோற்ற 1815 போர்) செட் ஒன்று கண்ணில் பட்டது. எல்லாமே 75 மில்லிமீட்டர் அளவு. நெப்போலியனின் பழைய காவற்படை கிரனடியர் (காலாட்படை வீரன்) ஒருவன், குதிரைமேல் மார்புக்கவசம் அணிந்த பிரெஞ்சு வீரன், அப்புறம் ஸ்காட்ஸ் கிரேஸ் என்ற பிரிட்டிஷ் குதிரைப்படையின் சார்ஜென்ட் யூவர்ட், பிரெஞ்சு 45ஆம் ரெஜிமென்ட்டிடமிருந்து பறித்த, உச்சியில் கழுகுச் சிலை வைத்த கொடியோடு. படத்தில் அசல் பெட்டி, அதன் முத்திரைகூடக் கிழியாமல் இருந்தது.

விற்றவன் சாதாரண ஆள் இல்லை, விஷயம் தெரிந்தவன். "1815இல் காவற்படை அணிவகுப்பு உடையில் சண்டை போடவில்லை, நீலப் பெருங்கோட்டில்தான் நின்றார்கள், அதனால் இந்த கிரனடியரிடம் அணிவகுப்புக் கோட்டின் வெள்ளை மார்பு மடிப்பைத் தேடாதீர்கள்" என்று நான் கேட்காமலே எடுத்துச் சொன்னான். சீருடையைப் பற்றி இவ்வளவு அக்கறையாகப் பேசுகிற ஒருவன் போலி விற்பான் என்று யாருக்குத் தோன்றும்? அந்தப் பேச்சு முடிந்த கையோடுதான் பணத்தை நண்பருக்கு அனுப்புவது போல அனுப்பினால் கமிஷன் மிச்சம், தபால் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். அனுப்பினேன், 240 யூரோ.

பார்சலில் பெட்டியே இல்லை. அசல் வார்ப்பை வைத்து சிலிக்கோன் அச்சு எடுத்து அதில் திரும்ப ஊற்றிய ரீகாஸ்ட் என்று தொட்டதுமே தெரிந்துவிட்டது. அச்சு எண்ணெய் பிசுபிசுவென்று கையில் ஒட்டியது. சோப்புத் தண்ணீரில் கழுவி, சாம்பல் பிரைமர் (பெயின்ட்டுக்கு முந்திய அடிப்பூச்சு) அடித்ததும் மிச்சக் குட்டும் வெளியே வந்தது: குதிரையின் மூக்கெல்லாம் காற்றுக்குமிழி ஓட்டைகள், உடலின் இரண்டு பாதிகளுக்கும் நடுவே நகம் நுழையும் இடைவெளி, வீரன் சேணத்தில் உட்காரவே மாட்டேன் என்கிறான். வாள் வளைந்திருந்தால்கூட வெந்நீரில் போட்டு நிமிர்த்திவிடலாம், இது தொட்டதும் ஒடிந்தது. எல்லாவற்றையும்விட அந்தக் கழுகு! அதன் அடியில் உள்ள சிறு பீடத்தில் 45 என்ற எண் இருக்க வேண்டும், அந்தச் சிற்பத்துக்கே உயிர் அதுதான். அங்கே வழுவழுவென்று ஒரு மேடு, வேறொன்றும் இல்லை.

படம் எடுத்து அனுப்பினேன். முதல் பதில், பழைய கிட் எல்லாமே இப்படித்தான் இருக்குமாம். அடுத்தது, "பெயின்ட் அடித்தால் தெரியாது". எண்ணே இல்லாத இடத்தில் எதன்மேல் பெயின்ட் அடிப்பது? பிறகு திருப்பி அனுப்புங்கள், தபால் செலவு உங்களுடையது என்றான். சரி, முகவரி கொடு என்றேன், அதோடு ஆள் மௌனம். தளத்தில் புகார் கொடுத்தால் பார்சல் உங்களுக்குச் சேர்ந்துவிட்டதாகப் பதிவாகியிருக்கிறது, எனவே புகார் முடிக்கப்பட்டது என்று இரண்டு வரி. பணம் அனுப்பிய சேவைக்காரர்களோ, நண்பருக்கு அனுப்பிய பணத்துக்குப் பாதுகாப்பு கிடையாது என்று கைவிரித்துவிட்டார்கள். 240 யூரோவுக்கு யாருமே பொறுப்பில்லை!

ரீகாஸ்ட்டைக் கண்டுபிடிப்பது எப்படி என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. பெட்டிப் படத்தை நம்பாதீர்கள், துண்டுகளையே பக்கத்தில் வைத்து எடுத்த படம் கேளுங்கள், கூடவே அன்றைய தேதி எழுதிய சீட்டும் இருக்கட்டும். நண்பருக்கு அனுப்பும் வழியில் ஒரு பைசா அனுப்பாதீர்கள். பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். ஓட்டையைப் புட்டி போட்டு அடைத்துவிடலாம் என்று நினைத்துத் தேய்க்க உட்காராதீர்கள், தேய்த்த பொருளைத் திருப்பி எடுக்க மாட்டான் (ரெசின் தூசிக்கு முகமூடி வேறு வேண்டும்).

அந்த விளம்பரம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. அதே பெட்டிப் படம், "கடைசி ஒரு செட் மட்டும்" என்று போட்டிருக்கிறான்.