உச்சிப்புளி வீட்டுக்கு புல்லு எடுத்தோம், எறும்பு விஷயமும் சேத்து சொல்றேன்

இந்த நர்சரிக்கு 5க்கு 4 ஸ்டார். புல்லு நல்லாருக்குங்கிறதுக்காக மட்டும் இல்ல, அது எல்லா எடத்துலயும் ஓரளவு நல்லாத்தான் இருக்கும். எறும்பு இல்லாம கொண்டு வந்து போட்டாங்க பாருங்க, அதுக்குத்தான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

போன வருசம் வேற ஒரு ஆளுகிட்ட முன்வாசலுக்கு கார்பெட் புல்லு வாங்குனோம். எங்க பக்கம் வெறும் மணல், அதனால புல்லோட ஒரு லோடு செம்மண்ணும் வந்துச்சு. ஒரு மாசத்துல அங்கங்க மண்ணு பூ மாதிரி பொங்கி நிக்குது, அக்கா மகன் வெறுங்கால்ல ஓடுனவன் அலறிட்டான், எறும்பு முட்டி வரைக்கும் ஏறிருச்சு, கடிச்ச எடமெல்லாம் தீப்பட்ட மாதிரி எரியுதுன்னு ராத்திரி பூரா தூங்கல. அம்மா வளத்த கோழிக்குஞ்சு ரெண்டு காலைல செத்துக் கெடந்துச்சு, மேல பூரா எறும்பு. அந்த ஆளுக்கு போன் போட்டா "எறும்பு எல்லா ஊர்லயும்தான் இருக்கு"ன்னு வச்சுட்டாரு.

ஆஸ்திரேலியா பிரிஸ்பேன்ல இருக்குற என் மச்சான் வீடியோ கால்ல இத பாத்துட்டு பதறிட்டாரு. அங்க 2001ல தென் அமெரிக்க நெருப்பு எறும்ப கண்டுபிடிச்சு, இன்னைக்கு வரைக்கும் அரசாங்கம் அத அழிக்கத்தான் போராடிக்கிட்டு இருக்கு. எறும்பு இருக்குற ஏரியாவுல இருந்து புல்லு, மண்ணு, வைக்கோல், தொட்டிச்செடி எதையும் இஷ்டத்துக்கு வெளிய கொண்டு போக முடியாது, புல்லு பண்ணைக்காரங்க மருந்து போட்டு அதுக்கான விதிப்படிதான் அனுப்பணும். அப்படியிருந்தும் 2023ல பக்கத்து மாநிலத்துல முர்வில்லம்பாங்கிற ஊர்ல தலைகாட்டிருச்சு. எறும்பு தானா பறந்து போற தூரம் கொஞ்சம்தான், லாரில ஏறுனா ஒரே நாள்ல நூறு மைல் தாண்டிரும்னு மச்சான் சொன்னாரு.

எங்க வாசல்ல வந்தது அந்த எறும்பு இல்ல, அத தெளிவா சொல்லிறேன். இது நம்ம ஊர்ல ரொம்ப காலமா இருக்குற கடி எறும்பு, சிலதுக்கு மட்டும் தலை பெருசா நடுவுல பிளந்த மாதிரி இருக்கும், புல்லு விதைய இழுத்துட்டுப் போய் சேக்கும். ஆனா இதுவும் அமெரிக்க கண்டத்து எறும்புதான், 16ஆம் நூற்றாண்டுல ஸ்பெயின்காரங்க கப்பல்ல மெக்சிகோவோட அகாபுல்கோ துறைமுகத்துல இருந்து பிலிப்பைன்ஸ்ல இருக்குற மணிலா வந்து அங்கருந்து பரவுனதாம். அன்னைக்கு கப்பல், இன்னைக்கு புல்லு லாரி.

சரி, இந்த நர்சரிக்கு வர்றேன். பின்வாசல்ல ஒரு பகுதிக்கு, 600 சதுர அடிக்கு கேட்டேன். எறும்பு பத்தி சொன்னதும் நர்சரி அண்ணே சிரிக்கல, "வந்து வயல பாருங்க தம்பி"ன்னாரு. போனேன். காலைல வெயில் ஏறுறதுக்கு முன்னாடி கருவாட்டு துண்டையும் எண்ணெ முறுக்கையும் பத்து பதினஞ்சு எடத்துல வச்சுட்டு ஒரு மணி நேரம் கழிச்சு போய் பாக்குறாங்க. மதியம் வச்சா சூட்டுக்கு எறும்பு வெளிய வராது, இல்லேன்னு நெனச்சு ஏமாந்துருவோம்னாரு. ஒரு மூலைல மொய்ச்சிருந்துச்சு, அந்த பாத்திய அப்படியே ஒதுக்கிட்டாங்க, என் கண்ணு முன்னாடி.

கண்ணால பாத்தா மட்டும் போதாதுங்கிறதும் அவரு சொல்லித்தான் தெரியும். மழை பேஞ்சு வெயில் அடிக்கிற நாள்ல றெக்கை மொளச்ச ராணி பறந்து, எறங்குற எடத்துல ஒரு விரல் ஆழத்துக்கு தோண்டி உள்ள போய் அடச்சுக்குமாம், மேல புத்து தெரியவே வாரக்கணக்குல ஆகும், அந்த நேரத்துல பாளத்த, அதான் மண்ணோட சேத்து பேக்குற புல்லு துண்ட, வெட்டுனா ராணியோட சேந்து லாரி ஏறும். வறண்ட நாள்ல கூடு ஆழத்துக்கு போயிரும், ஈரத்துல குஞ்சு குளுவானோட மேல வந்துரும். அதனால மழை பேஞ்ச கையோட வெட்டமாட்டாங்க. எனக்கு சொன்ன தேதிய விட அஞ்சு நாள் லேட்டு, காரணம் இதுதான். முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம், நானே நாலு தடவ போன் அடிச்சு தெரிஞ்சுக்கிட்டேன், ஒரு ஸ்டார் கொறச்சது அதுக்குத்தான்.

வெட்டுன பாளத்த வெறும் தரைல அடுக்கல, தார்ப்பாய் மேல அடுக்கி அன்னைக்கே ஏத்துனாங்க. ஈரப்புல்லு அடுக்கு ஒரு ராத்திரி தரைல கெடந்தா கீழ இருக்குற எறும்பு குடியேறிரும்ல. லாரி தளத்தையும் கழுவிட்டுத்தான் ஏத்துனாங்க, டயர் சந்துல ஒட்டுன மண்ண கூட. எங்க வீட்டுலயும் சிமெண்ட் தரைல எறக்கி ஒவ்வொரு பாளமா திருப்பி வேர் பக்கம் பாத்துதான் விரிச்சாங்க. மூணு பாளம் ஓரம் காஞ்சு மஞ்சளா இருந்துச்சு, சொன்னதும் மாத்திக்குடுத்தாங்க. மத்தவங்கள விட சதுர அடிக்கு 4 ரூபா கூடத்தான், எனக்கு அது பெருசா தெரியல.

வெட்டுறதுக்கு முன்னாடி மருந்து அடிச்சீங்களான்னு கேட்டேன். ஒதுக்குன பாத்தில மட்டும்தான் போடுவோம், எல்லாத்துலயும் கண்ணை மூடிட்டு ஊத்தமாட்டோம்னாரு. எனக்கும் அதுதான் சரின்னு படுது. எறும்புக்கு அடிக்கிற மருந்துல பல வகை மீனுக்கும் எறாலுக்கும் கடும் விஷம், எங்க வீட்டுல இருந்து கடல் நடந்து போற தூரம். வாசல்ல வந்த புத்துக்கு நாங்க கொதிக்கிற தண்ணிதான் ஊத்துனோம், ஒரே தடவைல ஒழியாது, திரும்ப திரும்ப ஊத்தணும்.

மண்டபம் பக்கமும் பாம்பன் தாண்டி ராமேஸ்வரத்துலயும் ரிசார்ட், ஹோம்ஸ்டேன்னு புல்தரை போடுறவங்க தயவுசெஞ்சு இத கேட்டு வாங்குங்க. இந்த கடல்ல மன்னார் வளைகுடா தேசிய பூங்காவோட 21 தீவு இருக்கு, தனுஷ்கோடி மணல்ல ஆமை வந்து முட்டை வைக்குது. ஃப்ளோரிடா கடற்கரைல நெருப்பு எறும்பு ஆமைக்குஞ்ச முட்டைய ஒடச்சு வெளிய வர்ற நேரத்துல கடிச்சே கொன்னுருக்கு. பாலம் தாண்டுற ஒரு லோடு புல்லுல ஒரு ராணி போதும். புல்லு மட்டும் பாத்து மண்ண விட்டுறாதீங்க, செம்மண் லோடு, சாணி உரம், தென்னங்கன்னு பாக்கெட் எல்லாத்துக்கும் இதே கதைதான்.

போட்டு ஆறு வாரம் ஆச்சு. வாரம் ஒரு தடவ காலைல நாலு மூலைலயும் கருவாட்டு துண்டு வச்சு பாக்குறேன், இதுவரைக்கும் ரெண்டு மூணு சிற்றெறும்பு தவிர ஒன்னும் வரல. அக்கா மகன் பின்வாசல்லதான் வெளையாடுறான், முன்வாசல் பக்கம் இன்னும் போகமாட்டேங்கிறான். மிச்ச 300 சதுர அடிக்கும் இவங்ககிட்டயே சொல்லிருக்கேன், மழையெல்லாம் விட்டு தை மாசம் வெட்டித் தர்றேன்னுருக்காங்க.