சோழகத்தில் சுரூபப் பவனி: வாடகைச் சவுண்ட்ஸ் எப்படி?

யாழ்ப்பாணத்துக் கரையோரக் கத்தோலிக்கப் பங்குகளில் பெருநாள் என்றாலே முதலில் பதிய வேண்டியது சவுண்ட்ஸ்காரரைத்தான். பாசையூர் அந்தோனியார் ஜூன் 13, குருநகர் யாகப்பர் ஜூலை 25. இரண்டும் சோழகம், அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கிற காலம். இங்கே பார்க்கிற யாழ் நகரத்து வாடகைக் கடையின் சவுண்ட்ஸ் செற்றையும் அந்தக் காற்றை வைத்தே எடைபோட வேண்டும்.

கோயிலுக்குள் குறையில்லை. பீடத்துக்கும் பாடகர் குழுவுக்கும் தனித்தனி மைக், நவநாள் முழுக்க இரைச்சலில்லை.

சிக்கல் பவனியில்தான். லாண்ட்மாஸ்டரில் (இருசக்கர உழவு இயந்திரம்) நாலு ஹோர்ன் ஸ்பீக்கரையும் முன்னுக்கே பார்க்கக் கட்டிவிடுகிறார்கள். 150 மீற்றர் பின்னால் வருகிற சனத்துக்குச் சத்தம் கிட்டத்தட்ட அரைச் செக்கன் பிந்தித்தான் போகும். மன்றாட்டுமாலையில் முன்னால் ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ பாதி போன பிறகுதான் பின்னால் தொடங்கும். ஹோர்னைத் திருப்பினால் சத்தம் கூடும், பிந்துவது மாறாது. வயர்லெஸ் ரிசீவரோடு இன்னொரு பெட்டியைப் பவனியின் நடுவில் விடச் சொல்லுங்கள். மைக்குக்குப் பஞ்சு உறையும் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் செபத்தைவிடக் காற்றுத்தான் கேட்கும்.

ஜெனறேற்றர் 5 கேவிஏ. 9 வாட் எல்இடி குமிழ் 200 போட்டாலும் 1.8 கிலோவாட்தான், தாராளம். பழைய 40 வாட் குமிழ் மாலை என்றால் அதே 200க்கு 8 கிலோவாட், இழுக்காது. ஹோல்டர்கள் உப்புக்காற்றில் கறள் பிடித்தவை. கொடியேற்றத்துக்கு முதல்நாளே எல்லாவற்றையும் எரித்துப் பார்த்து, பழுதானதை மாற்றுவியுங்கள்; நற்கருணை விழா இரவில் ஏணி வைக்க இடமிராது.